பதினேழு டிகிரியில் கழற்றும் சட்டை

ஒலாத் காசிம், கெர்கெனாத் தீவு
பிப்ரவரி, மழை விட்ட ஒரு மத்தியானம்

எவளுடைய செருப்புச் சத்தம் கேட்டாலே ப்ரேமன் நகரத்து நோயாளிகளில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்களோ, அந்த மருமகள் ஜாஸியாவுக்கு, கடலடி ஓடைகளின் சுல்தானும், மீன்களின் வரவேற்புக் குழுத் தலைவனும், உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய ஷாத்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் கடலும் நலம். அங்கு நீயும் உன் பனியும் நலந்தானா?

உன் கடிதம் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக் கப்பலில் வந்து சேர்ந்தது. நேராகப் பிடித்துப் படித்தேன். பிறகு தலைகீழாகப் பிடித்தும் படித்துப் பார்த்தேன். இரண்டு விதத்திலும் ஒரே சேதிதான். ஏப்ரல் கடைசியில் உனக்கு நர்ஸ் பரீட்சை. தேறினால் அந்த மருத்துவமனையில் வேலை நிலைக்கும். எழுதாவிட்டால் ஒப்பந்தம் முடிந்து மூட்டை கட்ட வேண்டியதுதான். நம் மீன்கள் ஆழத்திலிருந்து ஏறி வருவதும் அதே ஏப்ரலில். "மாமா, நான் பரீட்சைய விட்டுட்டு வரட்டுமா, வேண்டாமா? கதை அளக்காம ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டிருக்கிறாய்.

ஒரே வார்த்தை: வேண்டாம். இனி கதை அளக்கிறேன்.

என் தொலைபேசி ஏன் எடுக்கப்படுவதில்லை என்றும் கேட்டிருந்தாய். அது கடலடியில் இருக்கிறது. குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து தானே கிளம்பிப் போயிற்று. நீ கூப்பிடும்போதெல்லாம் அங்கே ஒரு கணவாய் மீன் அதை எடுத்து, "சுல்தான் வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஃபர்ஜானி பெண்சாதி மன்ஜிய்யா தன்னுடையதைத் தருகிறேன் என்கிறாள். அவள் தொலைபேசியில் பேசுவதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பேசுவதும் ஒன்று. ஆகவே கடிதம்.

கடலடி ஓடைத் தண்ணீர் இப்போது பதின்மூன்று டிகிரி. மீன்கள் இன்னும் ஆழத்தில் போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. பதினேழு ஆகட்டும், ஓடை வழியாக ஒன்றன்பின் ஒன்றாக மேட்டுக்கு ஏறிவிடும். அதற்குள் ஊரே பேரீச்ச மட்டைகளைக் கடலில் ஊன்றி வேலி கட்டி, வேலிக் கடைசியில் மீன் சிக்கும் கூடு வைத்து, அதன் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முந்திக் கட்டினால் மார்ச் மாதத்து வடகாற்று வேலியைப் பிய்த்துவிடும். பிந்திக் கட்டினால் மீன் நமக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆகவே இந்த ஊரின் அடுப்பு எரிவதும் எரியாததும் என் வெப்பமானியின் கையில் இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. நானேதான் சொல்கிறேன், ஆனால் மற்றவர்களும் மறுக்கவில்லை.

நீ போன பிறகு எப்படி அளக்கிறேன் என்றா கேட்கிறாய்? மிகச் சுலபம். ஓடை விளிம்பில் நங்கூரம் வழுக்கும் என்பது உனக்குத் தெரியும். ஒருவர் கம்பை ஊன்றிப் படகை நிறுத்த வேண்டும், இன்னொருவர் வெப்பமானியை அடிமட்டத்துக்கு இறக்கி ஒரு சிகரெட் தீரும் வரை கயிற்றை அசையாமல் பிடிக்க வேண்டும். நான் இரண்டு பேராகவும் இருக்கிறேன். வலது கையில் கம்பு, இடது கையில் கயிறு, பல்லில் நீரோட்டம். சிகரெட்டை மூக்கில் சொருகிக்கொள்ளலாமா என்று யோசித்து வருகிறேன்.

படகின் முன்பக்கம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிறது. ஆகவே நீ உட்காரும் பலகையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருக்கிறேன். உன் எடைதான். உன்னைவிட அடக்கமான கல். நான் சொல்லும் எதையும் பொய் என்று சொல்வதில்லை. அதனாலேயே அதனிடம் பேசுவதில் சுவை இல்லை.

தேநீர் இன்னும் இரண்டு குவளை ஊற்றிவிடுகிறேன், பழக்கம். இரண்டாவதையும் நானே குடித்துவிடுவதால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அம்மா ஹலூமா பின்னிய சிவப்புக் கம்பளி உள்சட்டை என் உடம்பில்தான் இருக்கிறது, நவம்பரிலிருந்து. ஓடை பதினேழு சொல்லும் நாளில்தான் கழற்றிப் பாய்மரத்தில் ஏற்றுவேன், ஊரும் அதைப் பார்த்துத்தான் மட்டையைத் தூக்கும். ஃபர்ஜானி வழக்கம்போல் காப்பிக்கடையில் என் முகத்தைப் பார்க்காமல் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்து, "இந்த ஊர் மீனெல்லாம் சூட்டுக்கு வரல, அந்தச் சட்டை நாத்தம் போயிடுச்சுன்னு தெரிஞ்சுதான் வருது" என்றான். கடலில் எங்கள் இரண்டு வேலிக்கும் நடுவிலுள்ள எல்லைக் கம்பை ஒரு சாண் நகர்த்தியவனோடு நான் பேசுவதில்லை என்பதால் நானும் சர்க்கரைக் கிண்ணத்தைத்தான் முறைத்தேன். அது பயந்துவிட்டது.

படி. நன்றாகப் படி. எலும்புகளின் ஜெர்மன் பெயர்களை மனப்பாடம் செய். இங்கு உனக்கு ஒரு வேலையும் இல்லை.

கடலளவு துஆவுடன்,
மாமா ஷாத்லி


ஒலாத் காசிம்
மார்ச், வடகாற்று ஓய்ந்த பிறகு

ஜெர்மன் எலும்புகளின் அரசி ஜாஸியாவுக்கு, சற்றே பதவி ஆட்டம் கண்டிருக்கும் சுல்தான் எழுதிக்கொள்வது.

இந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நண்டு மையில் விழுந்து தாளில் நடந்துபோயிருக்கிறது என்று நினைக்காதே. வலது கைக்குக் கொஞ்சம் விடுமுறை கொடுத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து உழைக்கும் கை. இடது கையும் உலகத்தைப் பார்க்க வேண்டாமா?

ஊர்ச் சேதி சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் வெயில் அடித்தது பார், பெருநாள் வெயில்! கல்லெல்லாம் வியர்த்தது. வெப்பமானியை இறக்கினேன், பதினேழு. நானே நம்பவில்லை, ஆனால் எண் எண்தானே. சட்டையைக் கழற்றினேன், பாய்மரத்தில் ஏற்றினேன். காப்பிக்கடை இளைஞர்கள் தொலைபேசியை நீட்டி, "மாமா, செயற்கைக்கோள் பதினாலுன்னு சொல்லுது" என்றார்கள். "அது மேலே உள்சட்டை போடாம சுத்துது. அதுக்குக் குளிர், அதான் குறைச்சுச் சொல்லுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சுக்கு ஊர் சிரித்தால் எனக்குக் கண் தெரியாமல் போய்விடும், உனக்குத் தெரியாததா?

ஊர் முழுக்கக் கடலில் இறங்கி மட்டை நட்டது. முதுகெலும்புகள் முறிந்த சத்தம் மால்டா வரை கேட்டிருக்கும். நட்டு முடித்த மறுநாளே வடகாற்று வந்தது. மூன்று நாள் நின்று அடித்தது. மட்டைகளெல்லாம் கடல் தலை வாரிக்கொண்டதுபோல் கரை நெடுக ஒதுங்கிக் கிடந்தன. மீன்? ஒரு வால்கூட வரவில்லை.

காப்பிக்கடையில் ஃபர்ஜானி சர்க்கரைக் கிண்ணத்தைக் கேட்டான்: "எந்தத் தண்ணிய அளந்தாராம்? கடலையா, டீயையா?"

"கடலைத்தான்" என்று சர்க்கரைக் கிண்ணத்திடம் சொன்னேன்.

பொய் இல்லை. படகுத்துறைக்கு அடியில் இருப்பதும் கடல்தானே? என்ன, முழங்கால் ஆழம். வெயில் அடிமட்டம் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். அது எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். ஆனால் ஓடைக்குப் போனால் கம்புக்கு இரண்டு கை வேண்டும், கயிற்றுக்கு இரண்டு கை வேண்டும். அல்லாஹ் சுல்தான்களுக்கும் இரண்டு கைகள்தான் கொடுத்திருக்கிறான். போன கடிதத்தில் பல்லைப் பற்றிச் சொன்னது கொஞ்சம் கூடுதல்.

படகுத்துறையில் அளந்தேன் என்று கடையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "ஏன், ஜாஸியா இல்லாம முடியலையா?" என்று ஒருவன் கேட்பான். அந்தக் கேள்விக்குச் சிரிப்பு வருகிற மாதிரி பதில் என்னிடம் இல்லை. வேறு எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

இப்போது நான் தெருவில் போனால் ஆட்கள் என் முகத்தைப் பார்க்காமலிருக்கத் திரும்பித் தங்கள் கதவுப்பூட்டைச் சரிபார்க்கிறார்கள். காப்பிக்கடையில் என் தேநீர் வருகிறது, வழக்கமாக அதில் போடும் பாதாம் வருவதில்லை. ஒருவரும் திட்டவில்லை. திட்டினால் நானும் நாலு சொல்லலாம். பேரீச்ச மரங்களில் மட்டை இன்னும் ஒரே ஒரு நடவுக்குத்தான் மிச்சம் இருக்கிறது. அடுத்த முறையும் தவறினால் இந்த வருஷம் ஊருக்கு வேலி இல்லை, மீனும் இல்லை. நான் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். கழற்றியதைத் திரும்பப் போட்ட முதல் சுல்தான் நான்தான்.

பிறகு ஒரு காலையில் ஓடையின் அடிமட்டத்தை நேரில் பார்வையிடத் தீர்மானித்தேன். தனியாக, கம்பும் கயிறும் கல்லுமாக. நீரோட்டம் படகைத் திருப்பியது. நான் கயிற்றை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டேன். படகு ஒரு பக்கம், வெப்பமானி ஒரு பக்கம், நடுவில் என் வலது தோள். பார்வையிடல் நான் திட்டமிட்டதைவிட விரிவாக நடந்தது. கடலடியில் எல்லோரும் சௌக்கியம். என் தொலைபேசியைக் காணவில்லை.

ஃபர்ஜானி தன் வேலியின் சிதிலத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன், படகோடு வந்து என்னைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். கரை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பலகையோடு கட்டியிருந்த கயிற்றிடம் மட்டும் சொன்னான்: "கிழவனை இறுக்கிப் புடி கயிறே. செத்துத் தொலைச்சான்னா நான் அப்புறம் யார்கூடப் பேசாம இருக்கறது?"

வெப்பமானி பத்திரம். கல்லும் பத்திரம். இடம் நழுவிய தோளை மன்ஜிய்யா ஆலிவ் எண்ணெய் போட்டு நீவி உள்ளே தள்ளினாள். "கத்தாதீங்கண்ணே, ஆட்டுக்குட்டி பயப்படுது" என்றாள். நான் கத்தவில்லை. ஆடுதான் கத்தியது.

நீ வர வேண்டியதில்லை. இதை இடது கையால் எழுதுவதால் எழுத்து நடுங்குகிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

துஆவுடன்,
மாமா (முன்னாள் சுல்தான், மேல்முறையீட்டில்)


ஒலாத் காசிம்
ஏப்ரல், மத்தியானத் தொழுகைக்குப் பின்

என் கண்ணே ஜாஸியா,

பட்டங்களை எழுத இன்று நேரமில்லை. கப்பல் கிளம்புவதற்குள் இதைச் சேர்க்க வேண்டும்.

முதலில் ஒன்று. மன்ஜிய்யா துரோகி. நீ அவளைக் கூப்பிட்டதும் அவள் என் தோளைப் பற்றி, எண்ணெயைப் பற்றி, ஆட்டைப் பற்றி ஒன்றுவிடாமல் ஒப்பித்ததும், நீ பயணச்சீட்டு எடுத்துவிட்டதும் எனக்குத் தெரியும். "இந்தாங்கண்ணே, புள்ள லைன்ல இருக்கு, பேசுங்க" என்று அவள் தொலைபேசியைக் காதில் வைத்தாள். நீ "மாமா" என்றாய். நான் "தவறான எண்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அப்போது இருமல் வந்துவிட்டது. இருமலோடு பேசுவது நமக்கு அழகில்லை. மன்ஜிய்யா அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பயணச்சீட்டைத் திருப்பிக் கொடு. ஏன் என்று சொல்கிறேன், இந்த முறை ஒரு சொட்டுக்கூடக் கலப்படம் இல்லாமல். இருந்தால் மிகக் கொஞ்சம்.

போன வாரம் காலையில் படகை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இடது கையாலும் காலாலும் முடிச்சவிழ்ப்பது எவ்வளவு சிரமம் என்று நினைக்கிறாய்? ஃபர்ஜானி வந்து படகில் ஏறினான். கேட்கவில்லை. உன் இடத்தில் இருந்த கல்லைப் பார்த்தான். அதைத் தூக்கிக் கடலில் எறிவான் என்று நினைத்தேன். வாயைத் திறக்கப் போனேன். அவன் அதை இரண்டு கையாலும் எடுத்து, பலகைக்கு அடியில் உருளாத இடமாகப் பார்த்து வைத்தான். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு அதனிடம் பேசினான்: "கம்பே, நாம ஓடைக்குப் போறோம். கூட யாராவது வர்றதா இருந்தா வாயை மூடிக்கிட்டு வரச் சொல்லு."

ஓடை விளிம்பில் அவன் கம்பை ஊன்றி நின்றான். அந்த வயிற்றோடு ஊன்றி நின்றால் நீரோட்டமே சுற்றிப் போக வேண்டியதுதான். நான் வெப்பமானியை இறக்கினேன். ஒரு சிகரெட் தீரும் நேரம். அவன்தான் பற்றவைத்தான். பாதியில் என்னைப் பார்க்காமல் என் பக்கம் நீட்டினான். என் இரண்டாவது குவளைத் தேநீர் ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மேலே இழுத்தபோது என்னிடம் கண்ணாடி இல்லை. படிக்க வேண்டியது அவன். வெப்பமானியை மூக்கருகே கொண்டுபோய், "பதினஞ்சரை" என்றான்.

"நல்லாப் பாரு" என்றேன். பல வருஷத்துக்குப் பிறகு நேராக அவனிடம் நான் சொன்ன முதல் சொல் அதுதான். யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

"நல்லாத்தான்டா பார்க்கறேன். உன்னை மாதிரி முழங்கால் தண்ணியில பார்க்கறேனா?"

அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். படகுத்துறையில் நான் அளந்ததை அவன் வேலியிலிருந்து பார்த்திருக்கிறான். காப்பிக்கடையில் சர்க்கரைக் கிண்ணத்திடம்கூட அதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா அப்புறம் உன்னை யாரு நம்புவா? சட்டைய யாரு தூக்குவா? நானா? உள்ளே எனக்குச் சட்டையே கிடையாது" என்றான்.

அதன்பின் தினமும் போனோம். எல்லைக் கம்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே போவோம், சண்டை போட்டுக்கொண்டே வருவோம். முந்தாநாள் பதினாறு. நேற்றுக் காலை அவன் வெப்பமானியைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பதினேழு. கடையில் அந்த இளைஞர்களின் தொலைபேசியும் பதினேழு என்றுதான் சொன்னதாம். அதற்காக அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சட்டையைக் கழற்றினேன். தோள் ஒத்துழைக்கவில்லை, ஃபர்ஜானி மூக்கைப் பிடித்துக்கொண்டு தலைவழியாக உருவினான். கயிற்றை இழுத்ததும் அவன்தான். சட்டை ஏறியது. கரையில் ஊரே நின்று பார்த்தது, ஒருவரும் அசையவில்லை, கூட்டத்திலிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"போன மாசம் ஏத்துன அதே சட்டைதானே?"

"நாத்தம் ஒண்ணுதான் நெஜம்."

"மட்டை இவ்வளவுதான் இருக்கு மாமா. வேற இல்ல."

ஜாஸியா, எனக்குப் பேச வரவில்லை. கடல் வற்றினாலும் வற்றாத இந்த வாய்க்கு! நீ பக்கத்தில் நின்று, "ஆமா, நான்தான் படிச்சேன், பதினேழு" என்று அந்தக் கீச்சுக்குரலில் கத்துவாயே, அந்த இடம் அப்படியே காலியாக நின்றது. அப்போது ஃபர்ஜானி, "நான் படிச்சேன், இந்தக் கண்ணால" என்றான். அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தன் மட்டைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான். முதல் மட்டையை என் வேலியில் நட்டான், தன் வேலியில் அல்ல. எல்லையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளித்தான் நட்டான், அதை நான் கவனித்தேன். ஆனால் நட்டான். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

இன்று காலை மீன் வந்தது. மடவை. எத்தனை என்று கேட்காதே. தண்ணீருக்கு இடமில்லாமல் தண்ணீர் வெளியே காத்திருந்தது. கூட்டுக்குள் துள்ளியதில் எழுந்த சாரல் பள்ளிவாசல் மினாரா வரை போய்ப் பாங்கு சொல்லும் முஅத்தினை நனைத்துவிட்டது. மன்ஜிய்யா மூன்று வீட்டுக்குப் போதுமான வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சி, அதில் மீனைப் போட்டு, எனக்குக் கொடுத்தனுப்பினாள். காப்பிக்கடையில் பாதாம் திரும்பி வந்துவிட்டது, இரட்டிப்பாக. குவளையில் பாதாமைத் தள்ளிவிட்டுத் தேநீரைத் தேட வேண்டியிருந்தது.

ஆகவே நீ வந்தாலும் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. மீன் ஏறிவிட்டது. நீயும் ஏறு. பரீட்சையை எழுது. நீ தோற்றால் நான் ஜெர்மனியோடு பேச்சை நிறுத்திவிடுவேன், பிறகு அந்த நாடு எப்படிப் பிழைக்கும்?

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. பயப்படாதே, துவைத்துவிட்டேன். மூன்று தடவை. மன்ஜிய்யா மேற்பார்வை. தண்ணீர் போன இடத்தில் இரண்டு அத்தி மரம் பட்டுப்போனது தற்செயல். நிறம் கொஞ்சம் போயிருக்கிறது. கழுத்தோரம் நீ சின்ன வயதில் பென்சிலால் குத்திய ஓட்டை இன்னும் இருக்கிறது. உன் அம்மா அதைத் தைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். பரீட்சை அறை குளிரும் என்று எழுதியிருந்தாய். உள்ளே போட்டுக்கொள், யாருக்கும் தெரியாது. உனக்குப் பெரிதாகத்தான் இருக்கும். அது உனக்காகப் பின்னியதில்லை, ஆனால் பின்னியவள் உன்னுடையவள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வேறு சட்டை இல்லை. அடுத்த வசந்தத்தில் பாய்மரத்தில் ஏற்ற இதுதான் வேண்டும். வேறு எதை ஏற்றினாலும் இந்த ஊர் நம்பாது. தபாலில் திருப்பி அனுப்பாதே. தபால்காரர்களை எனக்குத் தெரியும். கடலைக் கடந்து வருகிற எவரிடமும் கொடுத்தனுப்பாதே. வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று நீயே யோசித்துப் பார். மீன்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அல்லாஹ் உன் கையைக் கனிவாக்கட்டும், உன் நினைவைத் தெளிவாக்கட்டும். உன் பலகையைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

மாமா